நேர்முகத் தேர்வுக்கு வைத்த விருந்து

வேலை வழிகாட்டி மையம் என்று பலகை மாட்டிய அறைக்குள் வேலை இருக்கும் என்று நான் நம்பினேன். தபால் ஆபீசில் தபால்தலை இருக்கிறது, ரேஷன் கடையில் என்றைக்காவது சர்க்கரை இருக்கிறது. அதேபோல அந்த அறையில் ஏதோ ஓர் அலமாரியில் எனக்கான வேலை மடித்து வைக்கப்பட்டிருக்கும், மூன்றாம் ஆண்டு முடிந்ததும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்பது என் கணக்கு. இந்த நம்பிக்கையோடு இரண்டு வருஷம் விடுதிக் கட்டிலில் நிம்மதியாகத் தூங்கினேன். அப்படியொரு தூக்கம் அதற்குப் பிறகு எனக்கு வாய்க்கவே இல்லை.

எழுபதுகளின் கடைசி அது. சேலத்துக் கல்லூரி ஒன்றில் பி.காம். படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் சேந்தமங்கலத்துக்குப் பக்கம். அப்பாவுக்குக் காடும் கிணறும் இருந்தன. குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியும் கடலைக்காயும் போட்டார். எங்கள் வீட்டில் காலேஜ் படியை மிதித்த முதல் ஆள் நான். முதல் ஆளுக்கு ஒரு வசதி உண்டு. அவன் என்ன சொன்னாலும் வீட்டில் நம்புவார்கள். "காலேஜிலேயே வேலை குடுத்துருவாங்க" என்று நான் சொன்னதை அப்பா நம்பினார். ஆனால் நம்பிக்கைக்குக் கெடுவும் வைத்தார்.

"ஆயுத பூசைக்கு மக்காநாளு உன்ற மாமன் வண்டி கெளம்புது. அதுக்குள்ள உத்தியோகம் வந்துச்சுன்னா போ. இல்லீன்னா வண்டியில ஏறிக்க. ஊட்டுல சும்மா குக்கிக் கெடக்கறதுக்குப் படிக்க வெக்கல சாமி."

மாமன் வண்டி என்பது லாரி. ஆழ்குழாய்க் கிணறு துளைக்கும் எந்திரத்தை முதுகில் சுமந்த லாரி. எங்கள் பக்கத்தில் ரிக் வண்டி என்போம். வடக்கே மழை பெய்யும் மாசங்களில் திருச்செங்கோட்டுக்கு வந்து நிற்கும். அங்கே மழை விட்டதும் பூஜை போட்டு, எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வடக்கே கிளம்பும். போனால் அடுத்த மழைக்குத்தான் வரும். கணக்கு வழக்குப் பார்க்க நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று மாமன் என் மேல் கண்ணாகவே இருந்தார்.

நானோ ராசிபுரம் தாண்டுவதற்குள் பஸ்ஸில் வாந்தி எடுக்கிறவன். இந்தியில் எனக்குத் தெரிந்தது ஒன்று முதல் பத்து வரை, அதிலும் ஏழு மறந்துவிடும். இதை மாமனிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்.

"ரெண்டு மாசத்துல வாந்தி தானா நின்னுபோகும் மாப்ள. வவுத்துல ஒண்ணும் இருக்காது" என்றார்.

ஆக, வேலை வேண்டும் என்று எல்லோரும் ஆசைப்பட்டார்கள் என்றால், எனக்கு அது உயிர்ப் பிரச்சினை. மூன்றாம் ஆண்டு தொடங்கியதும் முதல் வேலையாக வழிகாட்டி மையத்துக்குப் போனேன். கூட அம்மாபேட்டை நண்பன் வந்தான். நெசவாளர் வீட்டுப் பையன், பட்டு நூலைப் போல மெலிந்தவன், நாக்கு மட்டும் கத்தரிக்கோல்.

மையம் புதன்கிழமை சாயங்காலம் மட்டும் திறக்கும். பொறுப்பாளராக வேதியியல் விரிவுரையாளர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நல்ல மனுஷர். எங்களை உட்காரச் சொல்லி, நேர்முகத் தேர்வுக்கு எப்படிப் போவது என்று விளக்கினார். நகம் வெட்டியிருக்க வேண்டும். தலைக்கு எண்ணெய் வழியக் கூடாது. கதவைத் தட்டி, அனுமதி கேட்டு, உள்ளே போக வேண்டும். உட்காரச் சொன்னால்தான் உட்கார வேண்டும்.

"உக்காந்ததுக்கு அப்பறம் சார்?" என்றான் நண்பன்.

"கேட்டா பதில் சொல்லணும்."

"என்ன கேப்பாங்க சார்?"

"அது அவங்க இஷ்டம்ப்பா."

அவ்வளவுதான். எங்கள் கல்லூரி காட்டிய வழி நாற்காலியோடு முடிந்தது. வெளியே வந்ததும் நண்பன், "டேய், கதவத் தட்டறதுக்கு ஒரு மையம், அதுக்கு ஒரு பலகை, அதுக்கு வாரம் ஒரு நாளு" என்றான். நான் சிரிக்கவில்லை. எனக்குக் கதவு தட்டுவதையே இரண்டு தரம் ஒத்திகை பார்க்க வேண்டியிருந்தது. விடுதியில் பக்கத்து அறைக் கதவைத் தட்டி அனுமதி கேட்டேன். உள்ளேயிருந்து செருப்பு வந்தது.

மாசி மாதம் கல்லூரியில் ஒரு பெரிய செய்தி பரவியது. சேலத்துக்கு வெளியே இருந்த ஒரு நூற்பாலை அலுவலகப் பயிற்சிக்கு நான்கு பேரை எடுக்கப் போகிறதாம். அதிகாரிகள் கல்லூரிக்கே வருவார்களாம். பத்துப் பேரைத் தயாராக வைத்திருங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். எங்கள் கல்லூரி வரலாற்றில் இப்படி வேலை வாசல் தேடி வந்தது அதுதான் முதல் தடவை. மதிப்பெண்படி பத்துப் பேரைப் பிரித்தார்கள். நண்பன் நடுவில் எங்கோ இருந்தான். நான் பத்தாவது. எனக்குக் காய்ச்சல் வந்தது.

அவர்கள் சொல்லி அனுப்பியதில் ஒரு வார்த்தையை நன்றாகக் கவனியுங்கள். "தயாராக". அந்த ஒரு வார்த்தைக்கு எங்கள் கல்லூரி கொடுத்த பொருளைத்தான் இத்தனை வருஷம் கழித்தும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

எங்கள் சீமையில் ஒரு பெண்ணையோ பையனையோ பார்க்க நாலு பேர் வருகிறார்கள் என்றால், யாரும் அந்தப் பெண்ணையோ பையனையோ தயார் செய்ய மாட்டார்கள். சமையலைத் தயார் செய்வார்கள். வாசல் தெளித்து, ஜமுக்காளம் விரித்து, கோழியைத் துரத்திப் பிடித்து அடுப்பில் ஏற்றிவிட்டால் பாதிக் காரியம் முடிந்தது என்று அர்த்தம். வந்தவர்கள் வயிறு நிறைந்து போனால் மிச்சப் பாதியைச் சாமி பார்த்துக்கொள்ளும். முதல்வர் முதல் காவலாளி வரை எங்கள் கல்லூரியில் எல்லோரும் இந்தச் சீமைக்காரர்கள்தான். அவர்கள் இந்த நேர்முகத் தேர்வை எப்படி எதிர்கொண்டிருப்பார்கள் என்று சொல்ல வேண்டுமா?

முதல்வர் எங்கள் பத்துப் பேரையும் அழைத்தார். கேள்வி பதில் சொல்லித்தரப் போகிறார் என்று நான் நோட்டும் பேனாவுமாகப் போய் நின்றேன்.

"வர்றவங்களுக்கு ஒரு குறையும் இருக்கக் கூடாது. நம்ம காலேஜ் மானம் உங்க கையிலதான் இருக்கு" என்றார்.

பிறகு வேலையைப் பிரித்தார். இரண்டு பேர் வாழை மரம் கட்ட வேண்டும். இரண்டு பேர் இளநீர். ஐந்து பேர் பரிமாற வேண்டும். நண்பன் பொன்னாடை வாங்கிவர வேண்டும், அம்மாபேட்டைக்காரன் என்பதால். ஆட்டுக்கறி பிரியாணிக்கு விடுதிச் சமையல்காரரிடம் சொல்லியாகிவிட்டது. மாம்பழப் பருவம் இல்லையே என்பது ஒன்றுதான் முதல்வருக்கு மனக்குறை.

"வேலைக்கு ஆள் எடுக்க வர்றாங்களா, காது குத்துக்கு வர்றாங்களாடா?" என்று நண்பன் என் காதில் முனகினான்.

அந்த வாரம் முழுக்க எங்களுக்கு நேர்முகத் தேர்வு பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இலையில் எது எந்தப் பக்கம் வைப்பது என்று மட்டும் ஒன்றுக்கு இரண்டு முறை சொல்லித்தந்தார்கள். என் பங்கு ரசம்.

அதிகாரிகள் மூன்று பேர் வந்தார்கள். மாலை, பொன்னாடை, இளநீர், முதல்வரின் வரவேற்புரை எல்லாம் முடிந்து உச்சிப் பொழுதாயிற்று. பந்தியில் உட்கார்த்தினோம். நானும் வாளியோடு வந்தேன். பெரிய அதிகாரி ஒரு கரண்டி வாங்கிக்கொண்டு போதும் என்று கையை நீட்டினார். எங்கள் ஊரில் விருந்தாளி போதும் என்றால் இன்னொரு கரண்டி ஊற்றுவதுதான் மரியாதை. ஊற்றினேன். அவர் இரண்டு கையாலும் இலையை மறைத்தார். அது எங்கள் ஊரில் மூன்றாவது கரண்டிக்கான அடையாளம். ரசம் இலையைத் தாண்டி அவர் வேட்டி வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

"பரவாயில்ல தம்பி" என்றார். சிரித்த முகமாகத்தான் சொன்னார். ஆனால் அடுத்த ஒரு மணி நேரத்தில் இதே முகத்துக்கு எதிரே நான் உட்கார வேண்டும் என்பது எனக்குத் தெரியும். 

கதவைத் தட்டினேன், அனுமதி கேட்டேன், உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தேன். கல்லூரி கற்றுத்தந்தது அந்த இடத்தில் தீர்ந்துபோயிற்று.

"உங்களைப் பற்றிச் சொல்லுங்க" என்றார் பெரியவர். முதலில் ஆங்கிலத்தில் கேட்டார். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தமிழுக்கு வந்தார்.

"சேந்தமங்கலம் பக்கமுங்க. கெணத்துப் பாசனமுங்க. அப்பா நாணயமான மனுசருங்க. எங்க பெரியப்பாதானுங்க ஊர்ல பஞ்சாயத்துப் பேசறது."

"சரி. உங்களைப் பற்றி?"

"எங்க பங்காளி வகையெல்லாம் நல்ல குடும்பமுங்க."

"தம்பி, அதெல்லாம் சரி. நீங்க எப்படிப்பட்டவர்?"

"என்னெப் பத்தி நானே எப்புடீங்க சொல்லறது? ஊருக்கு வந்து யாரெ வேணும்னாலும் விசாரிச்சுப் பாருங்க."

இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஆனால் அந்தப் பதிலில் அன்றைக்கு எனக்குப் பிழையே தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் ஒருவன் தன்னைத் தானே கெட்டிக்காரன் என்று சொல்லிக்கொண்டால் அவன் மாட்டுத் தரகனாக இருப்பான், இல்லாவிட்டால் கள்ளுக் குடித்திருப்பான். நல்ல பையனைப் பற்றி அடுத்தவர்தான் சொல்ல வேண்டும். பக்கத்து ஊர் டீக்கடையில் விசாரித்தால் சொல்வார்கள். இத்தனை படித்த அதிகாரிகளுக்கு இது தெரியவில்லையே என்று உள்ளுக்குள் அவர்களுக்காக வருத்தப்பட்டேன்.

"என்ன வேலை தெரியும்?"

"எந்த வேலை குடுத்தாலும் செய்வேனுங்க."

"எங்க ஆலைக்கு வரணும்னு ஏன் நினைக்கிறீங்க?"

இந்த இடத்தில் எனக்கு மூளை நின்றுவிட்டது. வாய் மட்டும் ஓடியது.

"ஆயுத பூசைக்கு மாமன் வண்டி கெளம்புதுங்க."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "எந்த வண்டி?" என்றார் ஓரத்தில் இருந்தவர்.

"ரிக் வண்டிங்க. எனக்கு வாந்தி வருமுங்க."

எழுந்து வரும்போது பழக்க தோஷத்தில், "தண்ணி ஏதாவது வேணுங்களா?" என்று வேறு கேட்டேன்.

நண்பனுக்கு நடந்தது இதைவிடக் கொடுமை. அவனிடம் நூலைப் பற்றி ஏதாவது தெரியுமா என்று கேட்டிருக்கிறார்கள். பேசப் பழகும் முன்னே ராட்டையில் நூல் சுற்றியவன். சாயம் ஏறின நூலைத் தொட்டுப் பார்த்து எது அறும், எது அறாது என்று சொல்கிறவன். அவன் சொன்ன பதில்: "எங்க அப்பாவுக்கு நல்லாத் தெரியும் சார்." பெரியவர்கள் இருக்கும்போது எனக்குத் தெரியும் என்று சொல்வது அவன் வீட்டில் அதிகப்பிரசங்கித்தனம். கத்தரிக்கோல் நாக்கு அங்கே போய் மழுங்கிவிட்டது.

பத்துப் பேரும் ஏறக்குறைய இதையேதான் சொல்லியிருந்தோம். ஒரு வாரம் கழித்துப் பொறுப்பாளர் எங்களைக் கூப்பிட்டார்.

"ஒருத்தருக்கும் வரலப்பா. ஆனா விருந்தப் பத்தி ரொம்பத் திருப்தியாப் பேசினாங்களாம்."

ஆறுதலாகத்தான் சொன்னார். அதுவரை பயத்தைத் தவிர வேறெதுவும் முளைக்காத என் மனசில் முதல் தடவையாகக் கோபம் முளைத்தது. ஏன் எடுக்கவில்லை என்று யாராவது கேட்டார்களா? கேட்கவில்லை. பெண் பார்த்துவிட்டுப் போனவர்களிடம் ஏன் பிடிக்கவில்லை என்று கேட்பது மரியாதை இல்லையே.

மறுநாள் நண்பனும் நானும் டவுன் பஸ் பிடித்து ஆலைக்கே போனோம். தைரியம் என்று நினைத்துவிடாதீர்கள். பஸ்ஸில் நண்பன் என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டே வந்தான், இறங்கி ஓடிவிடுவேன் என்று. பெரிய அதிகாரி என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

"வாங்க ரசத் தம்பி."

நாலு இடத்துக்கும் கோயம்புத்தூர்க் கல்லூரிப் பையன்களை எடுத்தாகிவிட்டது என்றார். ஏன் என்று கேட்டேன். அவர் ஒளிக்காமல் சொன்னார்.

"அங்கேயிருந்து ஒரு வாத்தியார் வந்தார் தம்பி. என்ன கேப்பீங்க, எதுக்காகக் கேப்பீங்க, எங்க பசங்க போன தடவை எங்க சறுக்கினாங்கன்னு ஒரு நாள் பூரா இங்க உக்காந்து கேட்டுட்டுப் போனார். போய் மூணு மாசம் பழக்கியிருக்கார். உங்க காலேஜிலேருந்தும் ஒருத்தர் வந்தார்."

"என்னங்க கேட்டாரு?"

"நாங்க சைவமா அசைவமான்னு கேட்டுட்டுப் போனார்."

 அவர் என்னிடம், லீவில் ஊரில் என்ன செய்வேன் என்று கேட்டார். பேச்சுக்குக் கேட்கிறார் என்று நினைத்து நானும் சொன்னேன். கிழங்கு வெட்ட ஆள் சேர்ப்பேன், லாரி பேசுவேன், சவ்வரிசி ஆலையில் எடைக்கு நிற்பேன், மாவு எவ்வளவு தேறும் என்று பார்த்து விலை பேசுவேன், ஆட்களுக்குக் கூலி பிரித்துக் கொடுப்பேன்.

"இதத்தானே தம்பி அன்னிக்குக் கேட்டோம்?"

"இதெல்லாம் வேலைங்களா?" என்றேன். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டேன். எங்களுக்கு வேலை என்றால் மின்விசிறிக்குக் கீழே நடப்பது.

திரும்பும் வழியில் பஸ்ஸில் வாந்தி வரவில்லை. அவ்வளவு கோபம். நேராக முதல்வர் அறைக்குப் போனோம். பொறுப்பாளரும் அங்கே இருந்தார். சிங்கம்போலக் கர்ஜிக்க வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். பூனைக் குரல் வந்தது.

"சார், சைவமா அசைவமான்னு கேக்க ஆலை வரைக்கும் போனாங்க. கேள்வி என்னன்னு அப்பவே கேட்டிருக்கலாமுங்களே."

முதல்வர் கண்ணாடியைக் கழற்றினார். "கேள்வியை முன்கூட்டியே தெரிஞ்சுக்கறது காப்பி அடிக்கற மாதிரி இல்லையா?"

"பரீட்சைக்கு முன்னாடி லேப்ல உப்புக் குடுத்துச் செஞ்சு பாக்கச் சொல்றீங்களே சார், அதுவும் காப்பிங்களா?" என்றான் நண்பன்.

முதல்வர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். விருந்தில் என்ன குறை என்று கேட்டார். விருந்தில் ஒரு குறையும் இல்லை என்றோம். பொறுப்பாளர்தான் மெதுவாகப் பேசினார்.

"நான் இதுவரைக்கும் ஒரு இன்டர்வியூவுக்கும் போனதில்லப்பா. இங்கதான் படிச்சேன். முடிச்ச வாரமே இங்கயே போட்டுட்டாங்க. மையத்துக்கு ஆள் வேணும்னாங்க, சாவியக் கையில குடுத்தாங்க."

அவர் மேல் எனக்குக் கோபம் போய்விட்டது. அந்தச் சாவியைக் கொடுத்தவர்கள் மேல் இன்றைக்கும் போகவில்லை. ஒரு காளைக் கன்றைக்கூட முதல் நாளே ஏரில் பூட்டி, நன்றாக உழவில்லை என்று சந்தைக்கு ஓட்ட மாட்டோம். கூடவே ஒரு பழகின மாட்டைக் கட்டி, வெறும் காட்டில் நாலு சுற்று நடத்துவோம். மூன்று வருஷம் படிக்கவைத்த பிள்ளைகளை வெறும் அரை மணி நேரம் எதிரே உட்காரவைத்து, "சொல்லப்பா, நீ என்ன செய்வாய்?" என்று கேட்டுப் பார்க்க ஒரு கல்லூரிக்கு முடியவில்லை. இதற்குப் பணம் வேண்டுமா? கட்டடம் வேண்டுமா? இரண்டு நாற்காலி போதும். கேட்டால், பையன்களுக்குத் தைரியம் போதவில்லை, கிராமத்துப் பிள்ளைகள், கூச்சம் அதிகம் என்று எங்கள் மேலேயே திருப்பிவிடுவார்கள். கூச்சம் எங்களுக்கு மட்டும் இருந்திருந்தால் பரவாயில்லை. ஆலை வாசலில் நின்று ஒரு கேள்வி கேட்கக் கூச்சப்பட்டது கல்லூரி.

அந்தப் புதன்கிழமையே பொறுப்பாளர் அறையைத் திறந்து இரண்டு நாற்காலியை எதிரெதிரே போட்டார். நண்பன் அதிகாரியானான். இரண்டாம் ஆண்டுப் பையன்களையும் சேர்த்துக்கொண்டோம். ஒரே ஒரு விதி: முதல் பதிலில் அப்பா, பெரியப்பா, கிணறு மூன்றும் வரக் கூடாது. பாதிப் பேர் அதோடு ஊமையானார்கள். ஒருவன் யோசித்து யோசித்து, "எங்க அம்மாவுக்கு நான் ஒரே பையனுங்க" என்றான். விதிப்படி அது சரிதான் என்பதால் நண்பன் விட்டுவிட்டான்.

ஒரு நாள் பொறுப்பாளரே எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். நண்பன் கொஞ்சமும் இரக்கம் காட்டவில்லை.

"உங்ககிட்ட இருக்கற குறை என்னன்னு நினைக்கிறீங்க?"

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "தெரியாத வேலையத் தெரியாதுன்னு சொல்லாம வாங்கிக்கிட்டது" என்றார். அறை முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார். அடுத்த வாரம் அவர் ஆலைக்குப் போய் ஒரு நாள் பூரா உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்தார்.

நாங்களும் பரீட்சை எழுதி வெளியே வந்தோம். கண்ட கம்பெனிக்கெல்லாம் எழுதிப் போட்டேன். ஈரோட்டில் ஒன்று, கரூரில் ஒன்று கூப்பிட்டார்கள். கிழங்கு லாரிக் கதையைத் தெளிவாகச் சொன்னேன், வாந்தியைப் பற்றிப் பேசவே இல்லை. ஈரோட்டில் இடம் ஏற்கெனவே யாருக்கோ பேசி முடித்திருந்தார்கள். கரூரில் பிறகு சொல்கிறோம் என்றார்கள். சொல்லவில்லை.

அடுத்த மாசியில் அந்த நூற்பாலை மறுபடி எங்கள் கல்லூரிக்கு வந்து, புதன்கிழமை நாற்காலியில் உட்கார்ந்து வேர்த்தவர்களில் இரண்டு பேரை எடுத்துக்கொண்டது. எங்கள் பத்துப் பேரில் ஒருவரையும் எந்த ஆலையும் எடுக்கவில்லை. நண்பன் அப்பாவோடு தறிக்குழியில் இறங்கினான். நான் அந்த மாசி வருவதற்கு முன்பே, அப்பா கெடு வைத்த ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை, மாமனுடைய ரிக் வண்டியில் டிரைவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, வடக்கே போனேன்.